மூன்று வார்டாகப் போன காலனி

எங்கள் காலனியைத் துண்டு போடுவதற்கு நாங்களே லட்டு கொடுத்தோம். பட்டாசும் வெடித்தோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் சிரிப்பு வரும், பின்னாலேயே கோபம் வரும்.

கோயமுத்தூருக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எந்த ஊர், எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. கட்சியின் பெயரைச் சொன்னால் போதும், "எங்க கட்சி அப்படிச் செய்யாது" என்று ஒருவர் சண்டைக்கு வருவார், "பாத்தீங்களா, அவங்க அப்படித்தான்" என்று இன்னொருவர் கைகொட்டுவார். இரண்டு கட்சிகளும் ஆட்சியில் இருக்கும்போது செய்தது ஒன்றுதான். நகராட்சித் தலைவரை மக்கள் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா, ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பதைச் சட்டசபையில் மாற்றி மாற்றி எழுதினார்கள். யாருக்கு எது தோதோ அதுதான் அந்த வருஷத்துச் சட்டம். எங்கள் முறை வந்தபோது கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் சட்டம் நடப்பில் இருந்தது. அதனால் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஊர் முழுக்கத் தேவைப்படவில்லை. பாதிக்கு மேல் வார்டுகள் கையில் இருந்தால் தலைவர் பதவி அவர் சொல்லும் ஆளுக்கு.

எங்கள் கிராமப் பஞ்சாயத்தையும் பக்கத்துப் பேரூராட்சியையும் சேர்த்து நகராட்சி ஆக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. நகராட்சி என்றால் சாக்கடை வரும், தெருவிளக்கு வரும், குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரும் என்று நினைத்தோம். எம்.எல்.ஏ.வுக்கு எங்கள் பகுதியில் ஒரு ஆள் உண்டு. வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரித்த முகம், யாரையும் அதிர்ந்து பேசமாட்டார். அவர்தான் லட்டு டப்பாவைக் கொண்டுவந்து காலனி முக்கில் வைத்தார். அவர் பேரையும் எழுதவில்லை. கட்சிக்காரர் என்றே சொல்கிறேன். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். பி.ஏ.வைத் தபாலில் படித்து முடித்தேன். வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் அவர் பேரூராட்சி ஆபீசுக்குச் சாமான் இறக்கப் போனவர், அங்கே சுவரில் ஒட்டியிருந்த வார்டு வரைபடத்தை போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. போனை என் கையில் கொடுத்து, "நம்ம ஊடு எங்கிருக்குதுன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். காலனி மூன்று துண்டாகக் கிடந்தது. முதல் தெரு மெயின்ரோட்டு லே-அவுட்டோடு போயிருந்தது. நடுவில் இருக்கும் தெருக்கள் புதிதாக வந்த வில்லாக்களோடு. கடைசித் தெரு எங்களுடையது. அதில் ஒரு வரிசை வீடுகளை மட்டும் பிரித்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிலக்காரர்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் தோட்டங்களோடு சேர்த்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். என் வீடு தோட்டத்து வார்டில். எதிர்வீட்டில் இருக்கும் என் தங்கச்சி வில்லா வார்டில். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு ஆட்டோ போகும் அகலம்தான்.

தங்கச்சி தன் வாசலில் நின்று, "ஏனுங்க்கா, இனிமே உங்க வார்டுக்கு வரோணும்னா பாஸ் வேணுமா?" என்று கேட்டாள். அவளுக்கு எதிலும் கிண்டல்தான். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பஞ்சாயத்துக் காலத்தில் எங்கள் காலனி முழுவதும் ஒரே வார்டு. எங்கள் சனம் அதிகம் இருந்ததால் அது பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய வார்டாக இருந்தது. எங்களில் ஒருவர்தான் உறுப்பினர். நல்லவரும் வந்தார்கள், ஒன்றுக்கும் ஆகாதவரும் வந்தார்கள். ஆனாலும் தண்ணீர் வராவிட்டால் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்க எங்கள் தெருவிலேயே ஒரு ஆள் இருந்தார். இப்போது மூன்றாகப் பிரித்துவிட்டால் எந்த வார்டிலும் நாங்கள் ஒரு ஓரம். ஓரத்துக்காக வார்டை ஒதுக்கமாட்டார்கள். புது மன்றத்தில் காலனிக்காகப் பேச ஒரு வாய்கூட இருக்காது. அதைத்தான் பிடுங்கினார்கள், அதுவும் எங்கள் கையாலேயே லட்டு கொடுக்க வைத்துப் பிடுங்கினார்கள்.

ஆட்சேபம் சொல்லக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள், ஒரு கல்யாண மண்டபத்தில். கம்பெனியில் லீவு சொன்னேன். தங்கச்சியும் நானும் வீடுவீடாகப் போய்ச் சொல்லி, ஒரு டெம்போ நிறையப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனோம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி எல்லாரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். நாங்கள்தான் முதலில் போனோம். மண்டபம் காலியாக இருந்தது. முன்வரிசை நாற்காலிகளுக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் நேராக நடந்துபோய்க் கடைசி வரிசைகளில், சாப்பாட்டுக்கூடத்துக் கதவோரமாக உட்கார்ந்தோம்.

யாரும் எங்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை. நாங்களேதான் உட்கார்ந்தோம்.

பிறகு வெள்ளைச் சட்டைகள் வந்து முன்னால் நிரம்பின. மைக்கை முன்வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, அதிகாரிகளுக்கு நன்றி சொல்லி, இந்த எல்லை வரையறையை முழுமனதோடு வரவேற்பதாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதையே அடுத்தவரும் சொன்னார். மைக் வரிசை வரிசையாகப் பின்னால் நகர்ந்து எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் வந்தபோது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மனு இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள், பரிசீலிக்கிறோம் என்று அதிகாரி எழுந்தார். நான் மைக் இல்லாமலேயே கத்தினேன். "எங்க காலனியை ஏனுங்க வெட்டறீங்க? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க!" என்றேன். அதிகாரி கையைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார். உட்காரவில்லை. ஆனால் நின்றும் பிரயோஜனம் இல்லை, மண்டபமே எழுந்துவிட்டது.

திரும்பி வரும்போது டெம்போவுக்குள் ஒரே சண்டை. நீதான் பின்னால் போனாய், நான் உன் பின்னால்தான் வந்தேன் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னோம். தங்கச்சிதான் கடைசியில், "மண்டபத்துக்குள்ள காலெடுத்து வெச்சா நம்ம கால் தானாப் பின்னாலதானுங்க்கா போவுது. சின்னதுலிருந்து அப்படியே பழகிப்போச்சு" என்றாள். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

இறுதி வரைபடம் ஒரு புள்ளி மாறாமல் வந்தது. எங்கள் புது வார்டைப் பொதுப்பிரிவில் பெண்களுக்கு என்று போட்டிருந்தார்கள். அதாவது எந்தச் சாதிப் பெண்ணும் நிற்கலாம். தோட்டத்துப் பக்கத்துப் பெண் ஒருவர் நிற்பார் என்றுதான் அதற்குப் பொருள் என்று ஊருக்கே தெரியும். அன்று பொழுதோட, இருட்டும் நேரத்தில், வீட்டுக்காரரிடம், "நான் நிக்கறேனுங்க" என்றேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்தார். "நம்ம பக்கம் ஒரு வரிசை ஊடுதானே இருக்குது. மத்ததெல்லாம் தோட்டம். யாரு போடுவாங்க?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இருந்தாலும் நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

சேதி கட்சிக்காரர் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே வந்தார். வாசலில் நின்றபடி, மிகவும் அக்கறையாகத்தான் பேசினார்.

"அம்மணி, எதுக்கு இந்த வீண்வேலை? டெபாசிட் போயிருமுங்க. சொன்னாக் கேளுங்க."

"ஏனுங்க போவும்?"

"தோட்டத்துக்காரங்க உங்க வாசலுக்கு வரமாட்டாங்க. நீங்களும் அவிங்க வாசலுக்குப் போகமாட்டீங்க. காலங்காலமா அப்படித்தானுங்களே. நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல."

அவர் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. மனிதர் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தக் கோட்டை வரைந்தவர்கள் எங்கள் ஓட்டை எண்ணிப் பார்த்து மட்டும் வரையவில்லை. நாங்கள் பள்ளத்தைத் தாண்டிப் போகமாட்டோம் என்பதையும் சேர்த்து எண்ணித்தான் வரைந்திருக்கிறார்கள். மண்டபத்தில் எங்கள் கால் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், ஜெயித்தாலும் தோற்றாலும் தோட்டத்து வீடு ஒன்றுகூட விடாமல் ஏறி இறங்குவது என்று.

சொல்வது சுலபம். என் அப்பா அந்தத் தோட்டங்களில்தான் பாத்தி கட்டினார், தண்ணீர் பாய்ச்சினார். களத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் அவர் போனதை நான் பார்த்ததில்லை. தோட்டத்து ஆண்களை "பண்ணாடி" என்பார், வீட்டுப் பெண்களை "பண்ணாடிச்சி" என்பார். நான் இந்த வயதில் போய் என்னவென்று கூப்பிடுவது? அப்பா கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டால் ஓட்டுக் கேட்க வந்தவளாக இருக்கமாட்டேன், கூலி கேட்க வந்தவளாகத்தான் இருப்பேன். மேடம் என்று கூப்பிட்டால் சோப்பு விற்க வந்தவள் என்று நினைப்பார்கள். கம்பெனியில் யாரையும் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே, அக்கா, அண்ணா என்றே கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். பள்ளத்தைத் தாண்டும்போது அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் வீட்டுக்கு வீடு நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். பத்திரிகையை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் அந்த வீட்டிலிருந்து ஈ, காக்கா வராது. ஓட்டையும் அப்படியே கேட்பது என்று கிளம்பினோம். ஆட்டோவில் ஒலிபெருக்கி இல்லை, மாலை இல்லை. தங்கச்சி ஒருத்தி துணைக்கு. அவளால் எனக்கு ஓட்டுப் போடவே முடியாது, ஆனாலும் என்னைவிட அவளுக்குத்தான் வேகம். எனக்குக் கிடைத்த சின்னம் இஸ்திரிப் பெட்டி. "அவங்க கோணலாப் போட்ட கோட்டை நேராக்கிப் போடலாம்டி" என்று நான் சொன்னதற்கு, "மொதல்ல நம்ம சேலையை நேராக்குவோம்" என்றாள்.

முதல் வீட்டில் நாய் குரைத்தது. களத்தில் கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "ஆரு புள்ள நீ?" என்றார். இன்னார் மகள் என்று சொன்னேன். "ஓ, அவன் மகளா? உங்கப்பன் நல்ல வேலைக்காரன்" என்றார். கோயமுத்தூர்க்காரர்கள் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவார்கள் என்று எங்கு போனாலும் சொல்வார்கள். அந்த மரியாதை பள்ளம் தாண்டி எங்கள் பக்கம் வருவதற்குள் பாதி கரைந்துவிடும். எனக்குச் சுருக்கென்றது. "நான் கவுன்சிலருக்கு நிக்கறேனுங்க அய்யா. உங்க ஓட்டு எனக்கு வேணுமுங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "செரி, பாக்கலாம் போ" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மருமகள் வந்தார். என் வயதுதான் இருக்கும். "வாங்க்கா" என்று நான் முந்திக்கொண்டேன், அவர் வீட்டு வாசலில் அவரையே நான் வரவேற்ற மாதிரி ஆகிவிட்டது. தங்கச்சி பின்னால் சிரிப்பை அடக்கினாள். அந்த அக்காவும் சிரித்துவிட்டார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியில் கொண்டுவந்து போட்டார். டீ வந்தது. அவருக்கு டம்ளரில், எங்கள் இரண்டு பேருக்கும் காகிதக் கப்பில். முன்பெல்லாம் கொட்டாங்குச்சியில் ஊற்றுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இப்போது காகிதக் கப், குடித்துவிட்டுப் போட்டுவிடலாம், யாருக்கும் சங்கடமில்லை என்று நினைக்கிறார்கள்.

தங்கச்சி என் கையைக் கிள்ளினாள், சும்மா இரு என்று. நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"ஏனுங்க்கா, இந்தக் கப்பை எங்க போடறது? பள்ளத்துலதானுங்களா? போட்டா அதையும் சேத்துத்தான் எரிப்பாங்க. அந்தப் பொகை பொழுதோட உங்க ஊட்டுக்கும் வருது, எங்க ஊட்டுக்கும் வருது."

அந்த அக்காவின் முகம் மாறியது. கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் புகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேரூராட்சிக்காரர்கள் பள்ளத்தோரப் புறம்போக்கில் கொட்டி எரிக்கிற குப்பையால் அவர் மாமியாருக்கு மூச்சிழுப்பு. காயப்போட்ட துணியெல்லாம் கருகல் வாசம். நகராட்சி ஆகிவிட்டால் மொத்த ஊர்க்குப்பையும் இங்கேதான் வரப்போகிறது என்று நான் சொன்னேன். "அதை ஆருங்க கேக்கறது? கட்சிக்காரங்ககிட்டச் சொன்னா சிரிச்சுப்போட்டுப் போயிர்றாங்க" என்றார். "நான் கேக்கறேனுங்க்கா. எம் மூக்குலயும்தானே ஏறுது" என்றேன். அன்றைக்கு நாங்கள் ஓட்டைப் பற்றி அதற்குமேல் பேசவே இல்லை.

எல்லா வீட்டிலும் இப்படி நடந்தது என்று சொன்னால் பொய். சில வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில், வேலைக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார்கள். "ஜெயிச்சுப்போட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். மறுநாள் மறுபடியும் போனேன். கம்பெனி விட்டதும் நேராகத் தோட்டம்தான். தேர்தலுக்கு முந்தின வாரம் அந்த அக்கா வீட்டுக்கு மறுபடி போனபோது டீ டம்ளரில் வந்தது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுப்பதிவு முடிந்த அன்று அந்த அக்கா போன் செய்தார். "எங்க ஓட்டு உங்களுக்குத்தானுங்க. மாமாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார். மாமா யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண்ணிக்கை அன்று கட்சிக்காரர் எனக்கு எதிராகத் தான் நிறுத்திய வேட்பாளரோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் வரிசை ஓட்டுப்போட்ட சாவடியின் இயந்திரத்தை முதலில் திறந்தார்கள். நான் முன்னால் இருந்தேன். அவர் அசையவே இல்லை, அது அவருக்குத் தெரிந்த கணக்குத்தான். அடுத்து தோட்டத்துச் சாவடி. அதில் எனக்கு ஒன்றுமே விழாது என்பதுதான் அந்த வார்டை வரைந்ததன் மொத்த அர்த்தம். எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. அங்கே நான் ஜெயிக்கவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் அந்த ஓட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆனால் எனக்கு விழுந்தது, எங்கள் வரிசை ஓட்டோடு சேர்த்தால் போதுமானதாக இருந்தது. தங்கச்சிக்கு உள்ளே வர அனுமதி இல்லை, வெளியே கேட்டில் நின்றாள். நான் வெளியே வந்து, ஜெயித்துவிட்டேன் என்று தலையை ஆட்டியதும் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

காலனியின் மற்ற இரண்டு துண்டுகளிலும் எங்கள் ஆட்கள் யாரும் நிற்கவில்லை. அங்கே வேறு கவுன்சிலர்கள். அந்தத் தெருக்காரர்களும் குழாயில் தண்ணீர் வராவிட்டால் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். உங்கள் வார்டு இது இல்லை என்று நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

தலைவர் தேர்தலில் பாதியைத் தாண்ட எம்.எல்.ஏ.வின் ஆளுக்கு ஒரு கவுன்சிலரின் கை குறைந்தது. ஜெயித்த இரண்டாம் நாள் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தார். சால்வை போர்த்தினார். எங்கள் பக்கம் வந்துவிடுங்கள், வேண்டியதைச் செய்து தருகிறோம் என்றார். பள்ளத்தில் குப்பை கொட்டமாட்டோம் என்று முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, பயமுறுத்துகிற மாதிரி இல்லாமல், எப்போதும் போல அக்கறையாகவே சொன்னார்:

"இப்படிப் புடிவாதம் புடிச்சா அடுத்த வாட்டி வார்டை வேற மாதிரி வரைஞ்சுபோடுவாங்க, அம்மணி. உங்க வரிசையத் தூக்கி அக்கட்டால எங்காச்சும் தள்ளிருவாங்க."

"தள்ளட்டுமுங்க" என்றேன். "நீங்க கோடு போடற வரைக்கும் எனக்குப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊட்டு வாசல்கூடத் தெரியாது. அடுத்து எங்க தள்ளறீங்கன்னு மட்டும் கொஞ்சம் முன்னாலயே சொல்லிப்போடுங்க. இப்பவே போய் அங்கயும் கதவைத் தட்ட ஆரம்பிக்கறேன்."